இணையத்தளத்தைத் தானாகச் சோதித்தலும் கண்காணித்தலும்: முதலாவது செய்நிரல்



முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தில் "சோதித்தல்" என்னும் கட்டத்தை நீங்கள் கற்றுள்ளீர்கள். அலகுச் சோதனை, முறைமைச் சோதனை, ஏற்புச் சோதனை ஆகியவற்றின் வரைவிலக்கணங்களைப் பெரும்பாலானோர் பிழையின்றி எழுதுவர். ஆனால் "ஒரு சோதனையை நீரே எழுதிக் காட்டுக" என்றவுடன் பலரது பேனை நின்றுவிடுகின்றது. இப்பாடம் அந்த இடத்திலிருந்து தொடங்குகின்றது. நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் ஓர் இணையத்தளம். எழுதப் போவது அதனைத் தானாகவே சோதித்துக் கண்காணிக்கும் ஒரு சிறு செய்நிரல். தெரிவு, மீள்செயல், மாறி என்னும் மூன்றையும் விளங்கிக்கொண்ட எவருக்கும் இது இயலும். குறிப்புக் கொப்பியையும் பென்சிலையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதித்தல் வேறு, கண்காணித்தல் வேறு

தூரப் பயணம் செல்லும் பேருந்து புறப்பட முன்னர் சாரதி பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார், சில்லுகளின் காற்றைப் பார்க்கிறார். இது சோதித்தல். வண்டி ஓடத் தொடங்கிய பின்னர் முன்னாலுள்ள வெப்பமானியை அடிக்கடி பார்க்கிறார். இது கண்காணித்தல். முதலாவது சரியாக இருந்தது என்பதால் இரண்டாவது தேவையற்றதாகி விடுவதில்லை.

இணையத்தளத்திலும் இவ்வாறே. ஒரு பக்கத்தை மாற்றியமைத்து வெளியிட முன்னர் அது எதிர்பார்த்தவாறு தொழிற்படுகின்றதா எனப் பார்ப்பது சோதித்தல். வெளியிட்ட பின்னர் இரவு பகலாக, குறித்த நேர இடைவெளியில், அது இன்னமும் தொழிற்படுகின்றதா எனப் பார்ப்பது கண்காணித்தல். இரண்டிலும் செய்யப்படும் வேலை ஏறத்தாழ ஒன்றே: ஒரு கேள்வியைக் கேட்டு, எதிர்பார்த்த விடையையும் கிடைத்த விடையையும் ஒப்பிடுதல். "எதிர்பார்த்த பெறுபேறு", "உண்மையான பெறுபேறு" என்னும் இரு சொற்றொடர்களையும் இப்போதே கோடிட்டுக் கொள்ளுங்கள். முழுப் பாடமும் இவற்றின் மீதே நிற்கின்றது.

மனிதர் ஒருவரே இதனைச் செய்யலாமே எனக் கேட்கலாம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 288 தடவை. ஐந்தாவது தடவையிலேயே மனிதருக்குக் கண் அயர்ந்துவிடும். சலிப்படையாத கணினியிடம் இவ்வேலையை ஒப்படைப்பதே தானியங்கல் ஆகும்.

பக்கத்தைக் கேட்கும்போது நடப்பது என்ன?

வலைமேலோடியில் முகவரியைத் தட்டெழுதியவுடன், உங்கள் கணினி சேவையகத்துக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகின்றது. மீயுரை ஊடுகடத்தல் நடப்பொழுங்கின்படி சேவையகம் ஒரு விடையைத் திருப்பி அனுப்புகின்றது. அவ்விடையின் தொடக்கத்தில் மூன்று இலக்கங்களாலான ஒரு நிலைக் குறியீடு உண்டு. நாம் காண்பது பக்கத்தை மட்டுமே. குறியீட்டை வலைமேலோடி தானே வாசித்துக் கொள்கின்றது.

குறியீட்டின் முதல் இலக்கம் வகையைக் காட்டும். 2 இல் தொடங்கினால் வேண்டுகோள் நிறைவேறியது. 200 என்பதே வழமையானது. 3 எனின் வேறு முகவரிக்குச் செல்லுமாறு பொதுவாகக் கூறுகின்றது. 301 என்பது நிரந்தரமாக இடம்மாறியதைக் குறிக்கும். 4 எனின் பிழை கேட்டவர் பக்கம். நீங்கள் யாவரும் கண்டிருக்கும் 404, அப்பக்கம் அங்கில்லை என்பதாகும். 5 எனின் பிழை சேவையகத்தின் பக்கம். 500 என்பது உள்ளே ஏதோ தவறிவிட்டது, 503 என்பது தற்காலிகமாகச் சேவை வழங்க இயலாது. 4 ஐயும் 5 ஐயும் மாற்றி எழுதுவோர் ஏராளம். கவனம்.

முதலாவது செய்நிரல்

இனிப் போலிக் குறிமுறையில் எழுதுவோம்.

தொடக்கம்
  பக்கத்தைக் கேள்
  குறியீடு ← விடையின் நிலைக் குறியீடு
  குறியீடு = 200 எனின்
    "சரி" எனக் காட்டு
  இன்றேல்
    "பிழை" எனக் காட்டு
  எனின் முடிவு
முடிவு

பைதன் மொழியில் ரிக்குவெஸ்ட்ஸ் என்னும் நூலகத்தைப் பயன்படுத்தினால் இது ஆறேழு வரிகளில் அடங்கிவிடும். ஆய்வுகூடத்தில் பைதன் நிறுவப்பட்ட கணினி இருந்தால் ஆசிரியரின் உதவியுடன் இன்றே எழுதிப் பார்க்கலாம். திரையில் "சரி" என்று வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனியானது. அந்த மகிழ்ச்சியே ஆபத்தும் கூட. ஏன் என்பதற்கு என் அனுபவமொன்றைக் கூறுகிறேன்.

நான் முன்னர் கற்பித்த பாடசாலையொன்றில் உயர்தர வகுப்பு அனுமதிக்கான விண்ணப்பப் படிவத்தை எமது இணையத்தளத்திலேயே வெளியிட்டிருந்தோம். மேலே காட்டியதைப் போன்றதொரு செய்நிரலை நானே எழுதி, ஆய்வுகூடக் கணினியொன்றில் ஓடவிட்டிருந்தேன். காலையில் வந்து பார்ப்பேன். சரி, சரி, சரி என்று வரிசையாக இருக்கும். பதினொரு நாட்கள் இவ்வாறு சென்றன. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு மறுநாள் ஒரு மாணவியின் தந்தை அதிபர் அலுவலகத்துக்கு வந்தார். மகள் ஒரு வாரமாக முயன்றும் படிவம் திறக்கவில்லை என்றார். "ஐயா, இணையத்தளம் ஒரு நாளும் நிற்கவில்லையே" என்று நான் என் பதிவுகளைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் கைபேசியில் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். பாடசாலைப் பெயரும் இலச்சினையும் மேலே அழகாக இருந்தன. படிவம் இருக்க வேண்டிய இடத்தில், தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்னும் ஒற்றை வரி மட்டுமே இருந்தது.

சேவையகத்தைப் பொறுத்தவரை அது பக்கமொன்றை வெற்றிகரமாக அனுப்பிவிட்டது. எனவே குறியீடு 200. நான் கேட்ட கேள்வி "விடை வந்ததா?" என்பதே. வந்தது. "படிவம் இருக்கிறதா?" என்று நான் கேட்கவே இல்லை. அதிபர் முடிவுத் திகதியை எல்லோருக்குமாக மூன்று நாட்கள் நீடித்தார். அந்தத் தந்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும், முயன்று பார்த்துவிட்டு எம்மிடம் வராமலே வேறு பாடசாலைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கண்காணிப்பே இல்லாதிருந்தால் நானும் இடைக்கிடை பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பேன். என் செய்நிரல் "சரி" என்று சொன்னதனால்தான் பார்க்கவில்லை.

உள்ளடக்கத்தைச் சரிபார்த்தல்

எனவே இரண்டாவது நிபந்தனையொன்று தேவை. குறியீடு 200 ஆக இருப்பதுடன், பக்கத்தினுள் குறித்த சொற்றொடர் ஒன்றும் இருத்தல் வேண்டும். இரு நிபந்தனைகளும் "உம்" என்னும் தர்க்கச் செய்கையால் இணைக்கப்படும். தர்க்கப் படலைகளில் கற்ற அதே விடயந்தான். இரண்டு உள்ளீடுகளும் 1 ஆயின் மட்டுமே வெளியீடு 1.

எச்சொல்லைத் தேடுவது? இதில் தொடக்கநிலையாளர் வழுக்கி விழுகின்றனர். பாடசாலையின் பெயரைத் தேடினால் பயனில்லை. அது பிழைப் பக்கத்திலும் தலைப்பாக வரும். "விண்ணப்பம்" என்பதும் பட்டியில் உள்ள இணைப்பொன்றில் இருக்கக்கூடும். சரியான பக்கத்தில் மட்டுமே வரக்கூடிய சொற்றொடரைத் தெரிவு செய்க. படிவத்தின் இறுதிப் பெட்டிக்கு மேலுள்ள "பெற்றோரின் தொலைபேசி இலக்கம்" போன்ற ஒன்று பொருத்தமானது. பக்கத்தின் இறுதிப் பகுதியிலிருந்து எடுத்தால், பாதியில் அறுந்த பக்கத்தையும் கண்டுபிடிக்கலாம்.

தேர்ந்த பின்னர் ஒரு வேலை கட்டாயம் செய்ய வேண்டும். தேடும் சொல்லை வேண்டுமென்றே தவறாக மாற்றிச் செய்நிரலை ஓட்டிப் பாருங்கள். "பிழை" என்று வருகின்றதா? வராவிட்டால் உங்கள் சோதனை எதனையும் சோதிக்கவில்லை. தோல்வியடைவதை ஒருமுறையேனும் கண்ணால் காணாத சோதனையை நான் இப்போது நம்புவதில்லை.

தமிழ்ப் பக்கங்களில் எதிர்ப்படும் இரு சிக்கல்களையும் இங்கு கூற வேண்டும். ஆங்கில நூல்களைப் பார்த்துப் பயில்வோருக்கு இவை தென்படமாட்டா.

ஒன்று, பழைய தளங்கள் சில பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. கண்ணுக்கு "அறிவித்தல்" எனத் தெரிந்தாலும், கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளுமே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கின்றது. ஒருங்குறியில் எழுதிய "அறிவித்தல்" என்னும் சொல்லைச் செய்நிரல் அங்கு ஒருபோதும் காணாது. பக்கத்தின் மூலக் குறிமுறையைத் திறந்து பார்த்தால் இது உடனே வெளிப்படும்.

மற்றையது இதிலும் நுட்பமானது. ஒருங்குறியில் "கொ" என்பதை இரு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். எகரக் குறியையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றைய விதம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினியின் ஒப்பீட்டில் இரண்டும் வேறு. "கொழும்பு" பக்கத்தில் கண்முன்னே இருக்க, செய்நிரல் இல்லை என்று அடம்பிடிக்கும்போது இதனை நினைவில் கொள்க. ஒப்பிட முன்னர் இரு பக்கத்து எழுத்துகளையும் ஒரே வடிவுக்கு மாற்றும் வசதி பைதன் மொழியிலேயே உள்ளது. அதனை இயல்பாக்கல் என்பர். வழி தெரியாதவர்கள் "கொ", "கோ", "கௌ" போன்ற எழுத்துகள் இல்லாத சொல்லைத் தேர்ந்துகொண்டால் போதும்.

விடையே வராவிட்டால்?

பிழையான விடை வருவதை விட மோசமானது, விடையே வராமல் இருப்பது. ரிக்குவெஸ்ட்ஸ் நூலகத்துக்கு நேர எல்லை எதனையும் நீங்கள் கூறாவிட்டால், சேவையகம் மௌனமாக இருக்கும்வரை அதுவும் காத்துக்கொண்டே இருக்கும். பிழைச் செய்தி வராது, அடுத்த சோதனையும் நடக்காது. 10 செக்கன் போன்றதோர் எல்லையை எப்போதும் குறிப்பிடுக.

இன்னொன்று. இணைப்பு ஒரு கணம் தளர்வது எங்கும் நிகழும். ஒரு தடவை தவறியவுடன் இரவு இரண்டு மணிக்கு அதிபருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், மூன்றாம் நாள் அவர் அந்த இலக்கத்தையே தடை செய்துவிடுவார். தொடர்ந்து மூன்று தடவை தவறினால் மட்டும் அறிவிப்பது நல்லது. இதற்கு ஓர் எண்ணியை வைத்துக்கொள்வோம்.

தொடக்கம்
  தோல்வி ← 0
  முடிவின்றி மீள்செய்
    பக்கத்தைக் கேள், நேர எல்லை 10 செக்கன்
    விடை வந்தது உம் குறியீடு = 200 உம் சொற்றொடர் உண்டு எனின்
      தோல்வி ← 0
    இன்றேல்
      தோல்வி ← தோல்வி + 1
    எனின் முடிவு
    தோல்வி = 3 எனின்
      அறிவித்தல் அனுப்பு
    எனின் முடிவு
    நேரம், குறியீடு, எடுத்த செக்கன்கள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுது
    5 நிமிடம் காத்திரு
  மீள்செயல் முடிவு
முடிவு

இதனைக் கையால் ஓட்டிப் பார்ப்போம். மு.ப. 8.00 மணிக்குத் தொடங்குகின்றது எனக் கொள்க. ஒன்பது சோதனைகளின் பெறுபேறுகள் முறையே சரி, பிழை, பிழை, சரி, பிழை, பிழை, பிழை, பிழை, சரி. மாறி "தோல்வி" யின் பெறுமானம் முறையே 0, 1, 2, 0, 1, 2, 3, 4, 0. ஆகவே ஏழாவது சோதனையில், அதாவது 8.30 இல், ஒரேயொரு அறிவித்தல் செல்லும். 8.05 இலும் 8.10 இலும் ஏற்பட்ட சிறு தடங்கல் யாரையும் எழுப்பவில்லை.

இப்போது மறுபக்கத்தையும் பாருங்கள். தளம் உண்மையில் 8.16 இற்கு விழுந்திருந்தால், எமக்குத் தெரியவரும்போது 14 நிமிடங்கள் கழிந்துவிட்டன. இரு சோதனைகளுக்கு இடையே 3 நிமிடம் மட்டும் விழுந்தெழுந்தால் தெரியவே வராது. இடைவெளியைக் குறைத்தால் விரைவில் அறியலாம், ஆனால் சேவையகத்துக்குச் சுமை. எண்ணியின் எல்லையைக் குறைத்தால் பொய் எச்சரிக்கைகள் கூடும். சரியான ஒரே விடை இங்கு இல்லை. எவ்வளவு நேரத் தாமதத்தை உங்கள் பயனர் தாங்குவார் என்பதைக் கொண்டே இது தீர்மானிக்கப்படும். பாடசாலையின் வரலாற்றுப் பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். முடிவுத் திகதியன்று விண்ணப்பப் பக்கத்துக்கு ஒரு நிமிடமே அதிகம்.

பதிவேட்டில் எடுத்த செக்கன்களையும் எழுதச் சொன்னது வீணாக அல்ல. 0.8, 1.1, 2.4, 6.0 என்று நாளுக்கு நாள் ஏறிச் செல்லும் நிரலைக் கண்டால், தளம் இன்னும் விழவில்லை, ஆனால் விழப் போகின்றது என்று ஊகிக்கலாம்.

செய்நிரலை எங்கே ஓடவிடுவது?

இணையத்தளம் உள்ள அதே சேவையகத்தில் ஓடவிடாதீர்கள். அது விழும்போது காவலாளியும் சேர்ந்து விழுவார். வேறொரு கணினி வேண்டும். அந்தக் கணினியும் நிற்கக்கூடும். 2022 மார்ச் மாத இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய நாளில் ஆய்வுகூடக் கணினியிலிருந்து எச்சரிக்கை எதுவும் வராது. எச்சரிக்கை வராததால் எல்லாம் நலம் எனக் கொள்ள முடியுமா? முடியாது. ஆகவே "நான் இயங்கிக்கொண்டிருக்கிறேன்" என்னும் செய்தியொன்றைத் தினமும் காலை 7 மணிக்கு அனுப்புமாறும் எழுதுவது வழக்கம். அந்தச் செய்தி வராத காலையில் காவலாளியைத் தேடிச் செல்ல வேண்டும்.

முடிவற்ற மீள்செயலுக்குப் பதிலாக, லினக்ஸ் இயங்கு முறைமையில் கிரான் என்னும் வசதியைக் கொண்டு குறித்த நேரங்களில் செய்நிரலைத் தொடக்கலாம். விண்டோஸில் டாஸ்க் ஷெடியூலர் அதே வேலையைச் செய்யும். அவ்வாறு செய்தால் எண்ணியின் பெறுமானத்தைக் கோப்பொன்றில் சேமித்து வைக்க மறக்கக்கூடாது. இல்லையெனில் ஒவ்வொரு தடவையும் அது பூச்சியத்திலிருந்தே தொடங்கும், அறிவித்தல் ஒருபோதும் செல்லாது.

படிவங்களைச் சோதித்தல்

பக்கம் திறந்தால் மட்டும் போதாது. பயனர் அதில் ஏதேனும் செய்ய வேண்டும். பாடசாலைத் தளத்தில் தவணைப் புள்ளிகளைப் பார்க்கும் பக்கமொன்று உண்டு எனக் கொள்வோம். ஐந்து இலக்கச் சேர்விலக்கத்தை உள்ளிட்டுப் பொத்தானைச் சொடுக்கினால் புள்ளிகள் தோன்றும். இதற்கான சோதனைத் தரவுகளைத் தயாரிப்போம். இடப்புறம் உள்ளீடு, வலப்புறம் எதிர்பார்த்த பெறுபேறு.

10234 – மாதிரி மாணவரின் புள்ளிகள்
1023 – ஐந்து இலக்கங்கள் தேவை என்னும் செய்தி
102345 – ஐந்து இலக்கங்கள் தேவை என்னும் செய்தி
99999 – பதிவு இல்லை என்னும் செய்தி
அஆஇஈஉ – இலக்கங்கள் மட்டும் என்னும் செய்தி
வெறுமை – சேர்விலக்கத்தை உள்ளிடுக என்னும் செய்தி

நான்கு இலக்கமும் ஆறு இலக்கமும் எல்லைப் பெறுமானங்களுக்கு இருபுறமும் உள்ளவை. பிழைகள் அதிகம் ஒளிந்திருப்பது எல்லைகளில்தான் என்பதால் பரீட்சை விடையிலும் இவற்றைத் தவறாது எழுதுக. 10234 என்பது உண்மையான மாணவர் ஒருவருடையதாக இருக்கக்கூடாது. சோதனைக்கெனவே உருவாக்கிய பதிவாக இருத்தல் வேண்டும். ஒருவருடைய புள்ளிகள் உங்கள் பதிவேட்டில் போய்க் கிடப்பது அழகல்ல.

இத்தகைய வேலைக்கு வலைமேலோடியையே செய்நிரலால் இயக்குவது வசதி. 2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தோட்வேர்க்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜேசன் ஹகின்ஸ் என்பவர் தொடங்கிய செலீனியம் இவ்வகைக் கருவிகளுள் பெயர் பெற்றது. அக்காலத்தில் போட்டியாக இருந்த நிறுவனமொன்றின் பெயர் மேர்க்குரி, அதாவது இரசம். இரச நஞ்சுக்குச் செலீனியம் முறிப்பு என்னும் வேடிக்கையிலிருந்தே பெயர் பிறந்தது. ஆவர்த்தன அட்டவணையில் 34 ஆம் மூலகம். விஞ்ஞானப் பாடத்துக்கும் உதவும். மைக்ரோசொப்ட் 2020 இல் வெளியிட்ட பிளேரைட் என்பது பின்னர் வந்த இன்னொன்று.

செலீனியத்தைக் கொண்டு "இப்பெட்டியில் 1023 ஐ உள்ளிடு, இப்பொத்தானைச் சொடுக்கு, இச்செய்தி தோன்றியதா எனப் பார்" என்று வரிசையாக எழுதலாம். ஜாவாஸ்கிரிப்ட் மூலம் உருவாகும் பக்கங்களுக்கு இதுவே ஏற்றது. ரிக்குவெஸ்ட்ஸ் நூலகம் ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்காது என்பதால், அத்தகைய பக்கம் அதற்கு வெறுமையாகவே தெரியும். சொடுக்கியவுடன் செய்தி தோன்றச் சிறிது நேரம் ஆகும். அதற்காக 5 செக்கன் சும்மா காத்திரு என்று எழுதாதீர்கள். செய்தி தோன்றும்வரை, ஆகக்கூடியது 10 செக்கன், காத்திரு என்று எழுதுங்கள். முன்னையது வேகமான நாளில் நேரத்தை வீணாக்கும், மெதுவான நாளில் பொய்ப் பிழை காட்டும்.

பெரிய தளமொன்றில் நடந்தது

2013 ஒக்டோபர் 1 ஆம் திகதி அமெரிக்க அரசாங்கம் ஹெல்த்கெயார்.கவ் என்னும் தளத்தைத் திறந்தது. மக்கள் சுகாதாரக் காப்புறுதிக்குப் பதிவு செய்வதற்கான தளம் அது. இலட்சக்கணக்கானோர் முதல் நாளிலேயே வந்தனர். அன்று பதிவை முழுமையாக முடித்தவர்கள் 6 பேர் மட்டுமே. பல பகுதிகளைப் பல நிறுவனங்கள் தனித்தனியே அமைத்திருந்தன. அவற்றை ஒன்றிணைத்துத் தொடக்கம் முதல் இறுதிவரை சோதிப்பதற்குக் கிடைத்தது ஏறத்தாழ இரு வாரங்களே. திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர் சில நூறு பயனர்களைப் போலச் சுமை கொடுத்துப் பார்த்தபோதே முக்கியமான பகுதியொன்று நின்றுபோனதாகப் பின்னர் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. அப்படியிருந்தும் குறித்த நாளில் திறந்தார்கள்.

நமது பாடத்துக்கு இதிலும் முக்கியமானது அடுத்து நடந்தது. தளத்தை மீட்க வந்த பொறியியலாளர் குழு, தளத்தின் நிலையை எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய கண்காணிப்புத் திரை எதுவும் இல்லாதிருந்தது கண்டு திகைத்தது. எது மெதுவாக இருக்கிறது, எங்கே பிழை கூடுதல் என்று அளந்து காட்டும் திரையை அவர்கள் முதலில் அமைத்தனர். அளவு தெரிந்த பின்னரே திருத்தம் ஒழுங்காக நடந்தது. நவம்பர் முற்பகுதியில் 42.9 சதவீதமாக இருந்த இயங்கு நேரம் மாத இறுதியில் 95 சதவீதமானது. 8 செக்கனாக இருந்த சராசரி விடை நேரம் 1 செக்கனுக்கும் குறைந்தது.

அனுமதி பெறுக

உங்கள் செய்நிரல் பிறருடைய கணினியை வேலை வாங்குகின்றது என்பதை மறக்கக்கூடாது. உங்கள் சொந்தத் தளத்தை, அல்லது எழுத்தில் அனுமதி பெற்ற தளத்தை மட்டும் சோதிக்கவும். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் தினத்தில், "கண்காணித்துப் பார்ப்போம்" என்று ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவை அத்தளத்தைத் தட்டும் மாணவர், பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் ஏனையோரின் வழியை மறிக்கிறார். அதிகாரமின்றிக் கணினியை அணுகுவதும் அதனைத் தொழிற்படச் செய்வதும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் தொழினுட்பமும் சமூகமும் என்னும் அலகிலும் பயன்படும்.

மாதிரி வினாக்களும் விடைகளும்

1. கண்காணிப்புச் செய்நிரலொன்று ஒரு நாளில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்தது. அவற்றுள் 9 சோதனைகள் தவறின. இயங்கு நேரச் சதவீதம் யாது?

விடை: மொத்தச் சோதனைகள் 24 × 60 ÷ 5 = 288. சரியானவை 279. எனவே 279 ÷ 288 × 100 = 96.875 சதவீதம். 9 ஐ நேரடியாக 100 இலிருந்து கழித்து 91 என எழுதுவோர் உண்டு. அதற்குப் புள்ளியில்லை.

2. "எமது தளம் மாதத்தில் 99 சதவீதம் இயங்கும்" என விளம்பரம் கூறுகின்றது. 30 நாட்கள் கொண்ட மாதத்தில் அது எவ்வளவு நேரம் நிற்கலாம்?

விடை: 30 × 24 = 720 மணித்தியாலம். அதன் 1 சதவீதம் 7.2 மணித்தியாலம், அதாவது 7 மணித்தியாலம் 12 நிமிடம். 99.9 சதவீதம் எனின் 43.2 நிமிடம் மட்டுமே. ஒரு தசம தானம் செய்யும் வேறுபாட்டை அவதானிக்க.

3. மேலேயுள்ள போலிக் குறிமுறையில் "தோல்வி = 3" என்பதை "தோல்வி >= 3" என மாற்றினால், கையால் ஓட்டிய ஒன்பது சோதனைகளில் எத்தனை அறிவித்தல்கள் செல்லும்?

விடை: இரண்டு. 8.30 இல் பெறுமானம் 3, 8.35 இல் 4. தளம் ஓர் இரவு முழுவதும் விழுந்து கிடந்தால் 5 நிமிடத்துக்கு ஒன்றாகச் செய்திகள் குவியும்.

4. தளம் மீண்டும் இயங்கத் தொடங்கியதும் "மீண்டது" என்னும் செய்தியை ஒருமுறை அனுப்புவதற்குக் குறிமுறையில் எங்கே, என்ன சேர்க்க வேண்டும்?

விடை: சோதனை சரியாகும் கிளையில், தோல்வி ← 0 என்னும் வரிக்கு முன்னர், "தோல்வி >= 3 எனின் மீண்டது என அனுப்பு" என்பதைச் சேர்க்க வேண்டும். அவ்வரிக்குப் பின்னர் சேர்த்தால் பெறுமானம் ஏற்கெனவே பூச்சியமாகிவிடும். நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது. இங்கே "=" இற்குப் பதிலாக ">=" ஏன் தேவை என்பதை, மேலுள்ள ஒன்பது பெறுமானங்களில் எட்டாவதைப் பார்த்து நீங்களே எழுதுக.